கண்ணும் ஈரலும் ஒரு தாய்ப் பிள்ளைகள்

"செல்" என்ற சொல் இப்போது எல்லார் வாயிலும் புழங்குகிறது. முகத்துக்குப் பூசும் கிரீம், இறந்த செல்லை நீக்குவதாக விளம்பரம் செய்கிறது. டெங்குக் காய்ச்சல் வந்த வீட்டுக்குப் போனால் "செல் எவ்வளவுக்கு இறங்கியிருக்கு?" என்று விசாரிக்கிறார்கள். சீனி வருத்தக்காரர் ஒருவர் பஸ்ஸில் ஏறினால் போதும், "உங்களுக்கு இன்சுலின் செல் செத்துப்போச்சு, அதான்" என்று பக்கத்து சீற்றுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். செத்ததை மீண்டும் முளைக்க வைப்பதாகச் சொல்லி மலையகத்து டவுன்களில் பவுடர் பாக்கெட்டும் விற்பனைக்கு வந்துவிட்டது.

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இந்தப் பாடம் வரும்போது வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் குதிகால் தோலுக்குள்ளே, இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் செய்யும் முறை எழுதியிருக்கிறதா? பிள்ளைகள் சிரிப்பார்கள். "குதிகாலுக்கு எதுக்கு சேர் இன்சுலின்?" என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் செய்முறை அங்கேயும் முழுசாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியிருந்தும் அது ஏன் செய்யப்படுவதில்லை என்பது புரிந்தால் இந்தப் பாடத்தில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

பேச்சில் செல் என்பதைப் பாடப்புத்தகம் கலம் என்கிறது. கலம் என்பது உயிருள்ள உடம்பின் மிகச் சிறிய, தானே இயங்கக்கூடிய அலகு. சுற்றிலும் மெல்லிய சவ்வு, உள்ளே கூழ் போன்ற நீர்மம், நடுவில் கரு. வளர்ந்த மனித உடம்பில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் இருக்கின்றன. அவற்றில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு.

பிரட்டுக்களத்தில் ஆள் பிரிப்பது போல

விடிந்ததும் தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் ஆள் பிரிப்பார்கள். கொழுந்துக்கு இத்தனை பேர், செடி வெட்டும் கவ்வாத்துக்கு இத்தனை பேர், மருந்தடிக்க நாலு பேர், மிச்சம் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு. ஆளுக்கு ஒரு வேலை, வேலைக்கு ஏற்ற கருவி. கூடையை முதுகில் மாட்டியவர் கவ்வாத்துக் கத்தியைத் தேடமாட்டார். உடம்பும் இப்படித்தான் வேலை பிரிக்கிறது என்று சொன்னால் யாருக்கும் விளங்கும்.

ஆனால் இந்த உவமையை அப்படியே விட்டால் தவறான எண்ணம் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்தில் வேலைக்கு நிற்பவர்கள் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். உடம்பிலோ களத்தில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே ஆளின் நகல்கள். தாயின் முட்டையும் தகப்பனின் விந்தும் சேர்ந்த ஒற்றைக் கலம் இரண்டாகி, நான்காகி, பிரிந்து பிரிந்து வந்தவர்கள். ஒவ்வொருவர் மடியிலும் தோட்டத்தின் எல்லா வேலைகளுக்குமான முழுக் கைநூல் ஒன்று இருக்கிறது. கவ்வாத்துக்காரன் மடியில் உள்ள நூலிலும் ஸ்டோர் மெஷின் ஓட்டும் அத்தியாயம் உண்டு. அவன் நூலில் அந்தப் பக்கங்கள் ஒட்டிக் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

அந்தக் கைநூல்தான் டி.என்.ஏ. கருவுக்குள் சுருண்டு கிடக்கும் நூலிழை போன்ற மூலக்கூறு அது. ஒரு கலத்துக்குள் இருப்பதை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். அதில் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பு அடங்கிய துண்டுக்குப் பரம்பரை அலகு என்று பெயர். மனிதரில் இப்படிச் சுமார் 20,000 அலகுகள் உண்டு. புரதம் என்றால் பருப்பும் முட்டையும் மட்டும் நினைவுக்கு வரவேண்டாம். கலத்துக்குள் வேலை செய்கிற கருவிகள் பெரும்பாலும் புரதங்களே. ஒரு கலம் எந்தப் புரதங்களைச் செய்கிறதோ, அதுதான் அந்தக் கலத்தின் தொழில்.

இதுவரை சொன்னது: எல்லாக் கலங்களும் ஒரே கலத்திலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே குறிப்புகள்தான் உள்ளன. எந்தக் குறிப்பு வாசிக்கப்படுகிறது என்பதில்தான் ஒன்று மற்றதிலிருந்து மாறுபடுகிறது. "ஏறக்குறைய" என்று சொல்லக் காரணம் உண்டு. முட்டையிலும் விந்திலும் பாதிக் குறிப்புகளே இருக்கும். சில வெண்குருதிக் கலங்கள் தங்கள் குறிப்பில் ஒரு சிறு பகுதியை வெட்டி ஒட்டிக்கொள்ளும். இன்னொரு விதிவிலக்கைப் பிறகு பார்ப்போம்.

தவறணையில் நிற்கிற சாட்சி

ஈரல் கலத்துக்குள் கண்ணுக்கான குறிப்பும் இருக்கிறது என்று யார் கண்டது? நம் ஊரில் இதற்கான சாட்சி, கன்று வளர்க்கும் தேயிலைத் தவறணையில் வரிசை வரிசையாக நிற்கிறது. துண்டு ஊன்றி வளர்க்கும் வி.பி. தேயிலை விதையிலிருந்து வருவதில்லை. நல்ல தாய்ச்செடியிலிருந்து ஒரு கிளையை வெட்டி, ஒரு இலையும் அதோடு விரல் நீளத்துக்கும் குறைந்த தண்டும் இருக்கும்படி துண்டாக்கி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றி நிழலில் வைப்பார்கள். சில வாரம் கழித்துப் பையைக் கிழித்துப் பாருங்கள். வெட்டிய முனையில் வெளுத்த தழும்பு மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வேர் இறங்கும். தண்டாக இருந்த கலங்களுக்கு வேர் விடும் குறிப்பு எங்கிருந்து வந்தது? முன்பும் இருந்தது, தேவைப்படாமல் மூடிக் கிடந்தது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் மலை மலையாகப் பரவியதும் இப்படித்தான்.

விலங்கின் கலம் இவ்வளவு இலகுவில் பின்வாங்காது. வெட்டுப்பட்ட விரலை மண்ணில் ஊன்றினால் ஆள் முளைக்கமாட்டான். ஆனாலும் குறிப்பு அழியவில்லை என்று காட்டிவிட்டார்கள். இங்கிலாந்தின் ஜோன் கேர்டன், தவளையின் வாற்பேத்தை ஒன்றின் குடல் கலத்திலிருந்து கருவை எடுத்து, தன் கரு அழிக்கப்பட்ட முட்டையொன்றுக்குள் வைத்தார். அதிலிருந்து முழுத் தவளை வளர்ந்ததை 1962இல் வெளியிட்டார். குடலாக வாழ்ந்த கலத்தின் கருவிலிருந்து கண், கால், மூளை எல்லாம் வந்தன. 1996இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த டொலி என்ற செம்மறி, வளர்ந்த ஆட்டின் மடிக் கலத்திலிருந்து எடுத்த கருவால் உருவானது.

பக்கங்கள் எப்படி ஒட்டப்படுகின்றன

இனி உவமையை விட்டுவிட்டு உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். 2 மீற்றர் நீளமுள்ள டி.என்.ஏ. சிறு சிறு புரத உருண்டைகளில் சுற்றப்பட்டுத்தான் கருவுக்குள் அடங்குகிறது. சில இடங்களில் சுற்று இறுக்கம், சில இடங்களில் தளர்வு. இறுகிய இடத்தில் உள்ள அலகை வாசிக்கும் கருவிகள் நெருங்க முடியாது. இதோடு டி.என்.ஏ.யின் மீதே சின்ன இரசாயன அடையாளங்கள் ஒட்டிக்கொள்கின்றன. பல இடங்களில் அந்த அடையாளம் "இதை வாசிக்காதே" என்பதற்குச் சமம்.

தளர்ந்த இடத்தில் உள்ள எல்லாமே வாசிக்கப்படும் என்றும் இல்லை. குறிப்பிட்ட அலகின் தொடக்கத்தில் போய் ஒட்டி, வாசிப்பைத் தொடக்கியோ நிறுத்தியோ வைக்கிற புரதங்கள் இருக்கின்றன. ஆளிப் புரதம் என்று வைத்துக்கொள்வோம். மின்விளக்கைப் போட்டு அணைக்கும் அதே ஆளிதான். சதையியில், அதாவது கணையத்தில், பீற்றா கலம் என்றொரு வகை உண்டு. அதில் இருக்கும் ஆளிப் புரதங்களின் கூட்டணி இன்சுலின் அலகைப் போட்டுவிடுகிறது. குதிகால் தோலில் அந்தக் கூட்டணி இல்லை, அலகும் இறுகிக் கிடக்கிறது. அங்கே வேறு கூட்டணி வேறு அலகைப் போட்டு, கெரட்டின் என்ற கடினமான புரதத்தைச் செய்ய வைக்கிறது. கொழுந்து எடுக்கிறவர்களின் விரல் காய்த்துப்போயிருப்பது அந்தக் கெரட்டின் அடுக்குத்தான்.

அது சரி, எல்லாரும் ஒரே ஆளின் நகல் என்றால் முதல் வித்தியாசம் எங்கே தொடங்கியது? இடத்தில் தொடங்கியது. கருக்கட்டி ஐந்தாம் நாளளவில் கலங்கள் சிறு பந்தாகத் திரண்டிருக்கும். வெளியே அமைந்தவை நச்சுக்கொடிப் பக்கம் போகின்றன, உள்ளே அமைந்தவை பிள்ளையாகின்றன. அதன்பின் பக்கத்துக் கலங்கள் விடும் இரசாயனச் சைகைகள் "நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்" என்று படிப்படியாகப் பிரித்துவிடுகின்றன. பொதுக் கலம் ஒன்று இப்படி ஒரு தொழிலுக்குரிய உருவமும் குணமும் பெறுவதற்கு வியத்தம் என்று பெயர். கலம் பிரியும்போது அந்த இறுக்கமும் அடையாளங்களும் பெரும்பாலும் பிள்ளைக் கலத்துக்கும் போய்ச் சேரும். அதனால்தான் ஈரல் கலம் பிரிந்தால் ஈரல் கலமே வருகிறது, பல் வருவதில்லை.

சுருக்கினால்: சுற்றின் இறுக்கமும் இரசாயன அடையாளமும் ஆளிப் புரதமும் சேர்ந்து எதை வாசிப்பது என்று தீர்மானிக்கின்றன. முதல் பிரிவை உண்டாக்குவது கலம் இருந்த இடமும் அயலவரின் சைகையும்.

எல்லாவற்றையும் தூக்கியெறிந்த கலம்

தொழிலுக்காக ஒரு கலம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க இரத்தத்தைப் பார்த்தாலே போதும். உடம்பின் கலங்களை எண்ணினால் பெரும்பான்மை செங்குருதிக் கலங்கள்தான். எலும்புக்குள் இருக்கும் மச்சையில் அவை உருவாகின்றன. உருவாகி முடியும் தறுவாயில் தன் கருவையே வெளியே தள்ளிவிடுகின்றன. முன்பு சொன்ன இன்னொரு விதிவிலக்கு இதுதான். கைநூலையே எறிந்துவிட்டுப் புறப்படுகிற கலம்! கரு இருந்த இடமும் மிச்சமாகி, உள்ளே ஈமோகுளோபின் என்ற இரும்பு கலந்த புரதம் அடைபட்டிருக்கும். நுரையீரலில் ஒட்சிசனைப் பிடித்து, தேவைப்படும் இடத்தில் விடுவது ஈமோகுளோபினின் வேலை.

உருவமும் வேலைக்கேற்றதே. இரு பக்கமும் நடுவில் அமுங்கிய தட்டு, குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 7 அல்லது 8 பங்கு. தன்னைவிட ஒடுங்கிய குழாயிலும் மடிந்து நுழைந்து போகும். ஆனால் குறிப்பு இல்லாததால் பழுதுபார்க்க வழியில்லை. சுமார் 120 நாளில் தேய்ந்து முடிந்துவிடும். ஆகவே மச்சை ஒவ்வொரு விநாடியும் 20 இலட்சம் அளவில் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது.

நுவரெலியா டவுன் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைவு, எனவே ஒரு மூச்சில் வரும் ஒட்சிசனும் குறைவு. சிறுநீரகத்தில் உள்ள சில கலங்கள் இதை உணர்ந்து, "செங்குருதிக் கலத்தைக் கூட்டு" என்று மச்சைக்கு ஓமோன் அனுப்புகின்றன. உயரமான இடத்தில் வாழ்கிறவர்களுக்கு ஈமோகுளோபின் சற்றுக் கூடியிருப்பது அதனால்தான். இரத்தச்சோகையைக் கணிக்கும்போது உயரத்துக்கேற்ப அளவைத் திருத்திப் பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

"இரத்தம் குறைஞ்சிருக்கு" என்று கிளினிக்கில் சொன்னதும் உடம்பில் இரத்தமே வற்றிவிட்டதாகப் பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் இரத்தத்தின் அளவு குறைந்திருக்காது. ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின்தான் போதாமல் இருக்கும். மலை ஏறினால் மூச்சு வாங்குவதும் பகலெல்லாம் அசதியும் அதனால்தான். மாதவிடாயாலும் பிள்ளை சுமப்பதாலும் பெண்களுக்கு இரும்புத் தேவை கூடுதல். இதற்குப் பீற்றூட் சாறு குடிக்கச் சொல்வார்கள். சிவப்பைக் குடித்தால் சிவப்பு ஊறும் என்ற கணக்கு. பீற்றூட்டின் நிறத்துக்கும் ஈமோகுளோபினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கவனிக்கவேண்டியது வேறொன்று: ரொட்டியும் சம்பலும் சாப்பிடும்போதே சாயத்தண்ணி குடிக்கும் நம் பழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பில் உள்ள இரும்பைப் பிடித்துவைத்து, குடல் உறிஞ்சவிடாமல் செய்கின்றன. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் இந்த நட்டம் குறையும். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் உறிஞ்சல் கூடும். மிட்வைஃப் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கக்கூடாது.

அட்டைக் கடியும் டெங்கு ரிப்போர்ட்டும்

மழை பிடித்த நாளில் கொழுந்து மலைக்குப் போகிறவர்கள் காலில் சவுக்காரம் பூசிக்கொண்டு போனாலும் அட்டை எங்காவது ஏறிவிடும். கடித்தது தெரியாது. அது விழுந்த பிறகு, ஒரு சின்னப் புள்ளியிலிருந்து இரத்தம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். துடைத்தால் நிற்கும் போல இருந்து மீண்டும் வரும். அதே காலில் கவ்வாத்துக் குச்சி கீறினால் சில நிமிடத்தில் காய்ந்துவிடும்.

குச்சி கீறிய இடத்தில் நடப்பது இது: இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகள் மிதந்துகொண்டிருக்கின்றன. குழாய் கிழிந்ததும் அவை அங்கே ஓடிப்போய் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பு உண்டாக்குகின்றன. பிறகு இரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு புரதம் நாராக மாறி அந்த அடைப்பைக் கட்டிப்போடுகிறது. அட்டையின் எச்சிலில் உள்ள பொருட்கள் இந்த உறைதலைக் குழப்பிவிடுகின்றன. ஆகவே கசிகிறது. அட்டை "கெட்ட இரத்தத்தை" மட்டும் குடிக்கும் என்பது சும்மா கதை. நல்லது கெட்டது பிரிக்க அதற்குத் தெரியாது.

சிறுதட்டு முழுக் கலமும் அல்ல. மச்சையில் இருக்கும் மிகப் பெரிய கலம் ஒன்று, தன் உடலைக் கிளை கிளையாக நீட்டி, நுனியைத் துண்டு துண்டாக உதிர்க்கிறது. அந்தத் துண்டுகள்தான் சிறுதட்டுகள். வாழ்நாள் 7 முதல் 10 நாள். டெங்கு வந்த வீட்டில் "செல் இறங்கிருச்சா?" என்று கேட்பது இவற்றைப் பற்றித்தான். ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருப்பது வழமை.

நீண்டது, இணைந்தது, கூட்டுவது

மற்றவற்றை வேகமாகக் கடந்து போகலாம். நரம்புக் கலம் நீளத்தில் ஆச்சரியம். முதுகின் அடிப்பகுதியில் இருக்கும் கலமொன்றின் நார் கால் பெருவிரல் வரை, ஏறத்தாழ ஒரு மீற்றர் போகும். அதன் வழியே சிறு மின்துடிப்பு ஓடுகிறது, வேகமான நார்களில் விநாடிக்கு 100 மீற்றர் வரை. எலும்போடு சேர்ந்த தசையில் பல கலங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே நாராகிவிடும். ஒரு நாருக்குள் பல கருக்கள். உள்ளே இரு வகைப் புரத இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால் தசை சுருங்குகிறது. இரண்டு இலையும் மொட்டும் கிள்ளுகிற ஒவ்வொரு தடவையும் விரலுக்கும் மூளைக்கும் நடுவே இந்த இரு வகைக் கலங்களின் போக்குவரத்து நடக்கிறது.

மூச்சுக்குழாயின் உட்சுவர்க் கலங்களைச் சும்மா கடந்துபோக முடியாது. அவற்றின் தலையில் நுண்ணிய மயிர்கள் அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் கலங்கள் சளியைச் சுரக்கும். தூசும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்ட, மயிர்கள் அதைத் தொண்டைப் பக்கம் கூட்டித் தள்ளும். புகை இந்த மயிர்களை முடக்குகிறது. சிகரெட் புகை மட்டுமல்ல, ஜன்னல் இல்லாத லயத்துக் குசினியில் ஈர விறகு கக்கும் புகையும்தான். கூட்டுவார் இல்லாததால் சளி தேங்கும், இருமித்தான் வெளியே எடுக்கவேண்டும். வீட்டில் புகை பிடிக்கும் ஆளே இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு மட்டும் ஏன் ஓயாத இருமல் என்று கேட்கிறவர்கள் முதலில் அடுப்பைப் பார்க்கவேண்டும்.

திரும்பி வருவதும் வராததும்

தொழிலில் ஆழமாக இறங்கிய கலம் பிரிந்து பெருகும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. குடலின் உட்சுவர் சில நாளிலும் மேல்தோல் ஒரு மாத அளவிலும் புதுப்பிக்கப்படுவது, முதிர்ந்த கலங்கள் தாமே பிரிவதால் அல்ல. அடியில் முதிராத கலங்கள் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன, அவை பிரிகின்றன. இதயத் தசையில் அப்படிப் பெரிய கையிருப்பு இல்லை. வருடத்துக்கு நூற்றில் ஒரு பங்கு அளவுகூடப் புதிதாக வருவது அரிது. மாரடைப்பில் இறந்த இடத்தில் தழும்புதான் விழும். மூளையின் நரம்புக் கலங்களில் மிகப் பெரும்பாலானவை பிறப்பிலிருந்து நம்மோடு வாழ்பவை. ஈரல் மட்டும் கொஞ்சம் வேறு சாதி. முதிர்ந்த கலமே தேவைப்பட்டால் பிரியும்.

பஸ்ஸில் சொன்ன தீர்ப்பையும் இங்கே சரிபார்க்கலாம். சிறு வயதில் அதிகம் வரும் முதலாம் வகை நீரிழிவில், உடம்பின் காவல் கலங்களான வெண்குருதிக் கலங்களே பீற்றா கலங்களை அழித்துவிடுகின்றன. அங்கே "செத்துப்போச்சு" என்பது சரி. நம்மில் நீரிழிவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அதில் தசையும் ஈரலும் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. ஈடுகட்ட அதிகமாய்ச் சுரந்து சுரந்து, பீற்றா கலங்கள் காலப்போக்கில் தளர்கின்றன. மருந்தும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் பலன் தருவதற்கு இங்கே இடமிருக்கிறது.

பாக்கெட்டில் வரும் குருத்து

ஒதுக்கிவைக்கப்பட்ட முதிராத கலங்கள் என்றேனே, அவற்றுக்குக் குருத்துக் கலம் என்று பெயர். விற்பனைக்காரர் வாயில் ஸ்டெம் செல். தானும் பெருகும், தொழில் உள்ள கலமாகவும் மாறும். 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனகா, எலியின் சாதாரணத் தோல் கலங்களுக்குள் நான்கே நான்கு ஆளிப் புரதங்களின் அலகுகளைப் புகுத்தி, அவற்றைக் குருத்து நிலைக்குத் திருப்பினார். ஒட்டிய பக்கங்கள் திறந்துகொண்டன. 2012இல் அவருக்கும் கேர்டனுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பெரிய கண்டுபிடிப்பின் நிழலில்தான் பாக்கெட் வியாபாரம் நடக்கிறது. ஏதோ ஒரு பழத்தின் குருத்துக் கலத்திலிருந்து எடுத்தது, தண்ணீரில் கரைத்துக் குடித்தால் முழங்கால் முதல் சதையி வரை புதுசாகும் என்கிறார்கள். வயிற்றுக்குள் போன எந்தக் கலமும் சாப்பாடுதான். அமிலமும் செரிக்க வைக்கும் நொதியமும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடும். சிதையாமல் தப்பினாலும், செடியின் கலம் மனித சதையியில் வேலைக்குச் சேராது. இதை நம்பி ஒழுங்காகப் போட்ட சீனி மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நிரூபிக்கப்பட்ட குருத்துக் கலச் சிகிச்சை ஒன்று பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது: மச்சை மாற்றுச் சிகிச்சை. இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோய்களுக்கும் செய்கிறார்கள். நோயாளியின் பழுதான மச்சையைக் கடும் மருந்தால் அழித்துவிட்டு, கொடையாளியின் குருத்துக் கலங்களைச் சேலைன் ஏற்றுவது போல நரம்பூசி வழியே ஏற்றுவார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் வழி தேடிப் போய்க் குடியேறி, செங்குருதிக் கலமும் வெண்குருதிக் கலமும் சிறுதட்டும் செய்யத் தொடங்கும். இரத்த வகை பார்த்தால் மட்டும் போதாது. கலங்களின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதங்களும் ஒத்துப்போகவேண்டும், இல்லாவிட்டால் புதிதாக வந்த காவல் கலங்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களில் ஒருவரோடு ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. டாக்டர் முதலில் "கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்பது அதற்குத்தான்.